யார் கணக்கில் நேரம்

அலுவலகத்தில் அவனுக்கு ஆமை என்று பெயர். வைத்தவர் மனைவியின் அண்ணன். அவன் வேலை செய்யும் குழுவுக்குத் தலைவரும் அவர்தான். வீட்டில் அவரை மச்சான் என்றும் இங்கே சார் என்றும் கூப்பிட வேண்டும். ஆமை மட்டும் இரண்டு இடத்திலும் செல்லுபடியாகும். ஒருநாள் சாப்பிடும்போது மகளே கேட்டுவிட்டாள்: "அப்பா, மாமா ஏன் உங்கள ஆமைன்னு கூப்பிடறாரு?"

மனைவி தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "கொழந்த கேக்குதுல்ல, சொல்லுங்க" என்றாள்.

எல்லாம் ப்ரொஃபைலரால் வந்த வினை. அவர்கள் நிறுவனம் ஒரு கணினி மொழியை உருவாக்கி விற்றது. அந்த மொழியில் எழுதிய புரோகிராம் ஓடும்போது நொடிக்குப் பலமுறை எட்டிப் பார்த்து, அதற்குள் இருக்கும் எந்தத் துண்டு, அதாவது எந்த ஃபங்ஷன், எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று காட்டிக்கொடுக்கும் கருவிதான் ப்ரொஃபைலர். மொழியோடு சேர்த்துக் கொடுத்த ஃபங்ஷன்களில், எப்போது பார்த்தாலும் அவன் எழுதியதே உச்சியில் சிவப்பாக நின்றது. அடித்துத் திருத்தி எழுதினான், சிவப்பு அசையவில்லை. கடைசியில் மச்சான் அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டு, ப்ரொஃபைலரைச் சோதிக்கும் மூலைக்கு அவனைத் தள்ளினார். "ஓடத்தான் தெரியல, ஓட்டத்த அளக்கவாவது கத்துக்கோ" என்றார், எல்லார் முன்னாலும். அறை குலுங்கிச் சிரித்தது.

அந்த மூலைக்கு வந்து பேசிய ஒரே ஆள், குழுவில் கடைசியாகச் சேர்ந்த பெண். எல்லாரும் அவளைப் 'புதுசு' என்பார்கள். அங்கே அவனை அண்ணா என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான்.

யோசனையும் அவளுடையதே. "இது சரியாத்தான் சொல்லுதுன்னு யாருண்ணா சொன்னா? விடை நமக்கு முன்னாடியே தெரிஞ்ச புரோகிராம் ஒண்ணு எழுதி ஓட்டிப் பாருங்களேன்."

எழுதினான். பெரிய ஃபங்ஷன் ஒன்று; அது சும்மா உட்கார்ந்திருக்கும். அது கூப்பிடும் குட்டி ஃபங்ஷன்தான் மாடாய் உழைக்கும். ஓட்டிப் பார்த்தால், ப்ரொஃபைலர் அத்தனை நேரத்தையும் பெரியதன் தலையில் கட்டியது!

எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர்; வேகத்துக்காக அது குட்டியைப் பெரியதன் வயிற்றுக்குள்ளேயே மடித்து வைத்துவிடுகிறது. ப்ரொஃபைலருக்கு உள்ளே இருப்பது தெரியாமல், வெளியே தெரிந்த பெயரில் பழியை எழுதிவிடுகிறது. மடிப்பைப் பற்றிக் கம்பைலர் விட்டுச்செல்லும் குறிப்புகளைப் படிக்க அதற்குச் சொல்லிக்கொடுத்தான். மடித்தது, மடிக்காதது, மடிப்புக்குள் மடிப்பு என்று மாற்றி மாற்றிச் சோதித்தான். எல்லாச் சோதனையிலும் பச்சை விழுந்து தேறியது.

அடுத்து, வாடிக்கையாளர்கள் குறை சொல்லிக்கொண்டிருந்த நிஜப் புரோகிராமை இருவரும் சேர்ந்து ஓட்டினார்கள். அவன் பெயர் எங்கோ அடியில் போய்விட்டது. உச்சியில் சிவப்பாக நின்றது, அவனுடையதன் வயிற்றுக்குள் மடிந்து கிடந்த, சொற்களை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு குட்டி ஃபங்ஷன். வேலைக்கு வந்த புதிதில் அவள் எழுதியது.

அவள் முகம் சுண்டிவிட்டது. "நாளைக்குள்ள நானே சரி பண்ணிடறேண்ணா. அதுவரைக்கும் யாருக்கும் காட்டாதீங்க. மேலிடத்துல ஆள் குறைக்கச் சொல்லியிருக்காங்களாம்."

"சரிம்மா. நீ போய் வேலையப் பாரு" என்றான். மனதாரத்தான் சொன்னான்.

அவள் போன சூட்டோடு மச்சான் வந்தார். "என்ன ஆமை, அஞ்சாறு அடியாவது நகந்தியா? வீட்ல தங்கச்சி வேற புலம்பறா." பின்னாலேயே இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அவனுக்கு என்ன ஆயிற்றோ, திரையை அவர்கள் பக்கம் திருப்பினான்.

மச்சான் நிதானமாகப் படித்தார். "அட, நம்ம புதுசா?"

"புதுசு இல்ல சார், நத்தை" என்றான் அவன்.

சிரிப்பு வெடித்தது. இத்தனை காலமும் தன் மேல் விழுந்த அதே சிரிப்பு, இப்போது தன் பக்கத்தில் நின்று சிரித்தது. உள்ளங்கால் வரை இனித்தது. மச்சான் தோளில் தட்டினார். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்ததை அவன் பார்த்தான். பார்த்தும் இன்னும் உரக்கச் சிரித்தான்.

அன்று மாலையே அவளைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். ஃபங்ஷனைச் சரிசெய்யும் வேலை அவனுக்கு வந்தது. சின்னப் பிழைதான், ஒவ்வொரு முறையும் சொல்லை வீணாக நகலெடுத்துக்கொண்டிருந்தது. டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டான். கை தட்டினார்கள்.

சில வாரம் கழித்து அவன் மச்சானின் அறையில் இருந்தபோது கைபேசி அடித்தது. வேறொரு நிறுவனத்து ஆள். அந்தப் பெண் வேலை கேட்டு வந்திருக்கிறாளாம். தன்னைப் பற்றி விசாரிக்க அவன் பெயரைத்தான் கொடுத்திருக்கிறாளாம்.

"நீங்க அண்ணன் மாதிரின்னு சொன்னாங்க" என்றது குரல். "ஆள் எப்படி?"

மச்சான் புருவத்தை உயர்த்தி, யார் என்று சைகையில் கேட்டார்.

"அவ்வளவா பழக்கம் இல்லைங்க" என்று சொல்லி வைத்துவிட்டான்.