ஈறு தேய்ந்த கதை

1

இது கதையாக வந்திருக்க வேண்டியதே அல்ல. ஈறு ஒட்டும் அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் இப்போது வாய்க்குள் ஸ்கேன் பார்க்கிறார்களாம், அதைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று ஒரு பத்திரிகை கேட்டது. பல் டாக்டரம்மா சம்மதித்தார். மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அன்று வந்தவர்கள் ஒரு கணவரும் மனைவியும். கட்டுரை அதோடு போயிற்று.

2

மருந்து வாசனை வீசிய அந்த அறையில்...

(வேண்டாம். பல் ஆஸ்பத்திரி என்றாலே எழுதுகிறவர்களுக்கு மூக்கு முளைத்துவிடுகிறது.)

விதி அவளை அந்த நாற்காலியில்...

(இதுவும் வேண்டாம். அவள் தானாகத்தான் ஏறி உட்கார்ந்தாள்.)

3

அவளுக்கு ஈறு இறங்கிப் பல்லின் வேர் தெரிந்தது. மேலண்ணத்திலிருந்து கொஞ்சம் சதை எடுத்து அங்கே ஒட்ட வேண்டும். அண்ணத்துக்குள் ஒரு ரத்தநாளம் ஓடுகிறது. கத்தி பட்டால் ரத்தம் லேசில் நிற்காது. விரல் அளவுக் கருவியை அண்ணத்தில் வைத்தால் சதையின் கனமும் நாளத்தின் இடமும் திரையில் தெரிந்துவிடுகின்றன.*

* கட்டுரையில் மிஞ்சியது இந்தப் பத்திதான்.

"சதை ரொம்ப மெலிசா இருக்கு. நாளமும் பக்கத்துலயே போகுது. கொஞ்சம்தான் எடுக்க முடியும்" என்றார் டாக்டரம்மா.

"என் வாயிலேருந்து எடுத்துக்கோங்க டாக்டர். எனக்கு எல்லாமே தடிமன்தான், இவளையே கேளுங்க" என்றார் கணவர்.

"உங்களோடதை எடுத்து இவங்களுக்கு ஒட்ட முடியாதுங்க."

வாயில் கருவியோடு அவள் சிரித்துவிட்டாள். திரையில் படம் குலுங்கியது. (கணவர் அந்தத் திரையைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.)

4

"ஏம்மா பல்லை இவ்ளோ அழுத்தித் தேய்க்கறீங்க? தேய்ச்சுத் தேய்ச்சேதான் ஈறு போயிருக்கு. இப்படியே தேய்ச்சா ஒட்டுறதும் நிக்காது, பல்லும் போயிடும்."

"இனிமே மெதுவா தேய்க்கறேன்" என்றாள்.

அவள் எக்ஸ்ரே எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனதும் கணவர் சொன்னார்.

"மக போனதுலேருந்து இப்படித்தான் டாக்டர். காலையில தண்ணியைத் திறந்து விட்டுட்டுத் தேய்ச்சுக்கிட்டே இருப்பா. அழற சத்தம் எனக்குக் கேக்கக்கூடாதாம்."

"நீங்க கதவைத் தட்டிப் பேசலாமே?"

"எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கா. தட்டிட்டா அதுவும் போச்சு. அப்புறம் அவ எங்க போய் அழுவா?"

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார்.

5

முதல் முடிவு: அவர் தட்டுகிறார், அவள் திறக்கிறாள், கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (கிழித்துவிட்டேன். அந்த மனிதர் அவ்வளவு சுலபமாகத் தட்டமாட்டார்.)

இரண்டாவது: மகள் சாகவில்லை என்று மாற்றி எழுதினேன். எழுதுகிறவர் கையில்தானே இருக்கிறது! ஈறு தேயவில்லை, ஸ்கேன் இல்லை, கதையும் இல்லை. ஆனால் அந்தக் காகிதத்தைக் கிழிக்கத்தான் மனம் வரவில்லை.

6

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நாளத்தில் கத்தி படவில்லை. ஒட்டிய சதை பிடித்துக்கொண்டது. இனி பிரஷ் வைக்கலாம் என்று சொல்லியாயிற்று.

காலை. அவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போடுகிறாள். தண்ணீர் விழுகிறது. வெளியே அவர் பாதி தூக்கிய கையோடு நிற்கிறார்.

தட்டுவதா, விடுவதா? எனக்குத் தெரியவில்லை. நீங்களாவது சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், உள்ளே தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.