டிராப் என்னும் சொல்லுக்கு ஐந்து வாக்கியங்கள்

ஒரே ஆங்கிலச் சொல் ஐந்து பொருள்களில் வழங்கும் என்று ஆசிரியை ஜோஸ்வின் பலகையில் எழுதிக் காட்டியபோது, அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்பதுபோல் நான் தலையசைத்தேன். டிராப் என்ற அச்சொல்லை இருபது ஆண்டுகளாகக் கேட்டு வருபவன் நான். புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில், நோயாளிகளை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிச் செல்வது என் பணி. எட்டாம் வகுப்போடு நின்ற பிச்சமுத்துவாகிய நான், நாற்பத்தொன்பதாம் வயதில் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதித் தேறினேன் என்பதையும், ஐம்பத்திரண்டாம் வயதில் ஆங்கிலம் கற்க வந்தேன் என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிடுவது பொருத்தமாகும்.

வகுப்பு, தேவாலயத்தின் பின்புற மாடியறையில் திங்களும் புதனும் மாலை ஆறரைக்குத் தொடங்கும். கட்டணமில்லை. ஆனால் ஆசிரியைக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு.

"கைடைப் பார்த்து காப்பி அடிக்காதீங்க. உங்க வீட்டுல, உங்க வேலையில நடந்ததை எழுதுங்க. அப்பதான் மனசுல நிக்கும்."

திங்களன்று தரப்பட்ட பாடத்தில் நான்கு வாக்கியங்களைச் செவ்வாயன்றே முடித்துவிட்டேன். அவற்றின் பொருளைத் தமிழில் தருகிறேன். என் மனைவியின் கண்ணில் காலையில் இரண்டு டிராப் மருந்து விட்டேன். உடன் பணியாற்றும் பாலு என்னைத் தினமும் சத்திரம் பேருந்து நிலையத்தில் டிராப் செய்கிறான். முக்கொம்பு அணையில் நீர்மட்டம் டிராப் ஆகியிருக்கிறது. கைலாசபுரம் தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேரும் எண்ணத்தை என் மகன் டிராப் செய்துவிட்டான்.

கைநழுவ விடுதல் என்ற ஐந்தாம் பொருளுக்கு மட்டும் வாக்கியம் அமையவில்லை. புதன்கிழமை வகுப்புக்குக் கால்மணி நேரம் முன்பே வந்து பெஞ்சில் அமர்ந்து, அதனை எழுதி முடித்தேன்.

இன்று மாலை நாங்கள் ஒரு வயதான அம்மாவை நடைவழியில் டிராப் செய்துவிட்டோம்.

பயிற்சி ஏட்டில் உள்ள வாக்கியங்கள் உலகில் எவருக்கும் நிகழ்ந்தவை அல்ல என்பதே என் எண்ணமாக இருந்தது. பாடநூலில் சோமு நாள்தோறும் ஏரிக்குப் போகிறான். அவன் மூழ்கிவிடுவானோ என்று யாரும் கேட்பதில்லை. மேலும், ஐந்து பொருளுக்கும் ஐந்து வாக்கியம் எழுதியவன் அந்த அறையில் நான் ஒருவன்தான்.

ஆசிரியை என் ஏட்டை எடுத்து உரக்கப் படித்தார். மொபைல் கடை வைத்திருக்கும் கலீம் பின்பெஞ்சிலிருந்து குரல் கொடுத்தார்.

"அண்ணன் அஞ்சையும் அடிச்சிட்டாரு! இனிமே ஆறாவது மீனிங் கண்டுபிடிச்சாத்தான் நமக்குப் பொழப்பு."

எல்லோரும் சிரித்தனர். ஐந்தாம் வாக்கியத்தைப் படித்து முடித்த ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை.

"சார், இது நிஜமா நடந்ததா?"

"பயிற்சிக்காக எழுதினதுங்க மேடம்."

"நடந்ததைத்தானே எழுதச் சொன்னேன்?"

முன்பெஞ்சில் இருந்த பெலிண்டா திரும்பினார். அவர் மருந்துக்கடையில் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றியவர். ஆங்கிலத்தில் என்னைவிடப் பின்தங்கியவர்.

"அண்ணே, அந்தம்மா எதுக்கு அட்மிட் ஆகியிருக்காங்க?"

"கால் நரம்புல ரத்தம் உறைஞ்சிருக்காம். வயித்துல ஊசி போடறாங்க."

"தலையில அடிபட்டுச்சா?"

"பின்மண்டை தரையில பட்டுச்சு. ரத்தம் ஒண்ணும் வரல. நல்லாப் பேசுனாங்க."

"ஐயோ, அது ரத்தம் உறையாம இருக்கப் போடற ஊசிண்ணே! உள்ளுக்குள்ள கசிஞ்சா நிக்காது. வெளியில தெரியவும் தெரியாது. எப்ப விழுந்தாங்க?"

"நாலு மணிக்கு."

சுவர்க்கடிகாரம் ஆறு ஐம்பது காட்டியது.

அந்த அம்மாவின் பெயர் செல்லக்கிளி. வயது அறுபத்தெட்டு. திருவெள்ளறையில் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர். காலில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வார்டுக்குத் திரும்பும் வழியில், ஸ்ட்ரெச்சர் சரிவில் திரும்பியபோது புரண்டு விழுந்தார். நானும் பாலுவும் தூக்கிப் படுக்க வைத்தோம். நடைவழியில் வேறு எவரும் இல்லை. மகள் பொன்னுத்தாய் மருந்து வாங்கப் போயிருந்தார். "எனக்கு ஒண்ணுமில்ல சாமி, எம்மவகிட்ட சொல்லிப்புடாதீங்க, பயந்துருவா" என்று அந்த அம்மாவே எங்களைக் கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோளை நாங்கள் மிகுந்த நன்றியுடன் ஏற்றுக்கொண்டோம்.

வராந்தாவுக்கு வந்து பாலுவுக்கு போன் செய்தேன். அவனுக்கு எட்டு மணி வரை பணி இருந்தது.

"பாலு, அந்தத் திருவெள்ளறை அம்மா எப்படி இருக்கு?"

"தூங்குதுண்ணே. தலை வலிக்குதுன்னு சொல்லிட்டுப் படுத்துச்சு."

"எழுப்பிப் பாரு. நர்ஸ்கிட்டப் போயி, விழுந்துச்சுன்னு சொல்லு."

பாலு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"என்னண்ணே பேசறீங்க? அடுத்த மாசம் என்னைப் பர்மனென்ட் பண்றாங்க. இப்பப் போயி..."

"அந்த ஊசி ரத்தத்தை நிக்க விடாதாம்டா. செத்துப்போயிரும்."

"உங்களுக்கு யாரு சொன்னா? டாக்டரா? இங்கிலீஷு கிளாஸா?"

"சொல்லுடா!"

"சொன்னா யாரு தலையில விடியும்? உங்க பக்கத்துக் கம்பியைத் தூக்கி மாட்டுனீங்களா? ஒரு கையில துண்டுச்சீட்டை வெச்சுக்கிட்டு டிராப்பு, டிராப்புன்னு ஜபம் பண்ணிக்கிட்டே வந்தீங்களே, அதையும் சேர்த்துச் சொல்லட்டா?"

அவன் கூறியது உண்மை. ஐந்தாம் பொருளுக்கு வாக்கியம் தேடிக்கொண்டே நான் ஸ்ட்ரெச்சரின் இடப்புறம் நடந்தேன். நோயாளி விழாமல் தடுக்கும் இடப்புறக் கம்பியை உயர்த்தி மாட்ட வேண்டியவன் நான். அதனை மாட்டவில்லை என்பது அவர் விழுந்த பிறகே என் கண்ணில் பட்டது. நாங்கள் என்று ஏட்டில் எழுதியிருந்தேனே தவிர, பாலு வலப்புறக் கம்பியை முறையாக மாட்டியிருந்தான்.

அவன் இணைப்பைத் துண்டித்துவிட்டான். வார்டு எண்ணுக்கு இருமுறை அழைத்தேன். எவரும் எடுக்கவில்லை. ஆசிரியை என் பின்னால் சாவியோடு நின்றிருந்தார்.

"வாங்க சார், வண்டி இருக்கு."

புத்தூர் நாலு ரோட்டில் சிவப்பு விளக்கு எங்களைத் தடுத்தது. எண்ணிக்கைப் பலகை எழுபத்தெட்டிலிருந்து இறங்கத் தொடங்கியது. அந்த எழுபத்தெட்டு நொடிகளில், சொல்லாமல் இருப்பதற்கான வழிகள் பல எனக்குத் தோன்றின. அந்த அம்மாவுக்குத் தலை வலிக்கிறது, பாருங்கள் என்று மட்டும் கூறலாம். கழிவறையில் வழுக்கியதாகக் கேள்விப்பட்டேன் எனலாம். இருபது ஆண்டுப் பணி. மகனுக்கு இன்னும் வேலை அமையவில்லை. விளக்கு பச்சையானதும் ஆசிரியை முன்னால் நின்ற பேருந்தின் இடப்பக்கமாக நுழைந்து வண்டியை விரைவாகச் செலுத்தினார்.

வார்டில் பணி மருத்துவர் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டிருந்தார். பாலு மருந்து வண்டியின் அருகில் நின்று என்னையே பார்த்தான்.

"சார், பன்னெண்டாம் பெட் செல்லக்கிளியம்மா நாலு மணிக்கு ஸ்ட்ரெச்சர்லேர்ந்து விழுந்துட்டாங்க. பின்மண்டை அடிபட்டுச்சு. என் பக்கத்துக் கம்பியை நான் மாட்டல. சொல்லாம மறைச்சதும் நான்தான்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைக்காமலே எழுந்தார். பன்னிரண்டாம் படுக்கையில் அந்த அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். ஒருமுறை, இருமுறை. மூன்றாம் முறை உலுக்கியபோது கண்கள் பாதி திறந்தன, வாய் அசைந்தது, சொல் வரவில்லை. டார்ச்சை அடித்துப் பார்த்தார். ஒரு கருவிழியின் பாவை மற்றதைவிடப் பெரிதாக இருந்தது.

"சி.டி.க்கு எடுத்துட்டுப் போங்க, உடனே! அந்த ஊசியை நிறுத்துங்க. மாத்து மருந்து ரெடி பண்ணுங்க."

நான் வழக்கம்போல் ஸ்ட்ரெச்சரின் இடப்புறம் கை வைத்தேன்.

"நீங்க தொடாதீங்க" என்றார் மருத்துவர்.

பாலு தள்ளினான். வேறோர் ஊழியர் என் இடத்தில் நின்றார். இரு கம்பிகளும் மாட்டப்படும் ஓசையைக் கேட்டேன். நான் பின்தொடர்ந்து நடந்தேன்.

மண்டைக்குள் இரத்தம் கசிந்திருப்பது படத்தில் தெரிந்தது. அறுவைச் சிகிச்சை மருத்துவர் இருபது நிமிடத்தில் வந்து சேர்ந்தார். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் தாம் வந்தும் பயனில்லை என்றும், இப்போதும் உறுதி கூற முடியாது என்றும் பொன்னுத்தாயிடம் சொல்லிக் கையொப்பம் வாங்கிக்கொண்டு உள்ளே சென்றார். கதவு மூடப்பட்டது.

பொன்னுத்தாய் என் முன் வந்து நின்றார். கழுத்தில் தாயின் கம்பளித் துண்டைப் போட்டிருந்தார்.

"எத்தனை மணிக்கு விழுந்துச்சு?"

"நாலு மணிக்குங்க."

"நான் அஞ்சு மணிக்கு உங்ககிட்டத் தண்ணி எங்க பிடிக்கிறதுன்னு கேட்டேன்ல? சிரிச்சுக்கிட்டே வழி காட்டுனீங்க."

"ஆமாங்க."

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். மேலதிகாரியின் அறைக்கு என்னை அழைத்துச் செல்லக் காவலாளி வந்து அருகில் நின்றார். பொன்னுத்தாய் அவரைப் பார்த்து, "இவரு எங்கயும் வரமாட்டாரு" என்றார். பிறகு சுவரோரம் இருந்த நாற்காலியை எனக்குக் காட்டினார்.

"உக்காருங்க. எங்கம்மா உசுரோட வெளிய வர்ற வரைக்கும் நீங்க இங்கதான் இருக்கணும்."

நான் அமர்ந்தேன். அவர் எதிர்நாற்காலியை இழுத்து, என் முழங்கால்கள் இடிக்கும் அளவுக்கு நெருக்கமாகப் போட்டு, என் முகத்தைப் பார்த்தபடி அமர்ந்தார்.