காத்திருக்கிற மெட்டு

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் போகிற பஸ், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு ஊர்ந்து போகும்போதுதான் கரோலின் தன் மெட்டுகளை வாய்க்குள் முனகிப் பார்ப்பாள். பக்கத்து சீட்டுப் பெண்கள், பிள்ளை ஜெபம் சொல்லிக்கொண்டு வருகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவளுக்கு இசை தெரியாது. சிறுவயதில் கோயில் பாட்டுக்குழுவில் சேரப் போனவளை, ஒரே ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நீ மெழுகுவத்தி புடிச்சிக்கோம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அதோடு அந்த ஆசை போயிற்று. பி.காம் முடித்து, 2005-ல் திருவொற்றியூர்த் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரின் மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். கம்பெனியை நடத்தியவன் வியாசர்பாடி அறிவு. செல்போனில் ஆடுகிற விளையாட்டுகளைச் செய்து பெங்களூர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்துவந்தான். அப்போது செய்துகொண்டிருந்தது, ஒரே விளையாட்டுக்குள் ஆறு குட்டி ஆட்டங்கள். படகு விடுவது, பட்டம் அறுப்பது, நண்டு பிடிப்பது என்று ஒவ்வொன்றும் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். நாள் முழுக்க அவற்றை ஆடிப் பார்த்து, எங்கே கோளாறு என்று சொல்வது கரோலினின் வேலை.

ஆறுக்கும் சேர்த்து ஒரே பாட்டைப் போட்டிருந்தான் அறிவு. அது முடிந்த இடத்திலேயே திரும்பவும் தொடங்கும்.

"அறிவண்ணே, தூக்கத்துல கூட இந்தப் பாட்டே வர்து. வேற போடேன்."

"எங்கியோ கெடந்தத எடுத்துப் போட்டேன். புடிக்கலன்னா நீயே போடு."

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். கரோலின் நிஜமாகவே எடுத்துக்கொண்டாள்.

கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகச் சுரங்களை அடுக்குகிற ஒரு மென்பொருள் இருந்தது. செல்போனால் ஒரே நேரத்தில் நாலு சுரத்துக்கு மேல் தாங்காது. எந்தச் சுரத்தோடு எது சேரும் என்று தெரியாததால், கண்ணுக்கு அழகாக இருக்கும்படி கட்டங்களை நிரப்பினாள், கோலத்துக்குப் பொடி தூவுகிற மாதிரி. ஓடவிட்டுக் கேட்டபோது அவளுக்கே உடம்பு கூசியது.

"இன்னா கரோ இது, சாவு வூட்டு மோளம் தண்ணில வுழுந்த மாரி கீது" என்றான் அறிவு.

கோபத்தில் பாதிக் கட்டங்களை அழித்தாள். சற்றுத் தேவலை. இன்னும் பாதியை அழித்தாள். மிச்சம் நின்ற சில சுரங்களும் அவற்றுக்கு நடுவே கிடந்த வெறுமையும் சேர்ந்து ஏதோ ஒன்றாகக் கேட்டன. பாட்டு என்று சொல்ல முடியாது. சத்தம் என்று தள்ளவும் முடியாது. படகு ஆட்டத்துக்கு அதையே வைத்தாள். அறிவு தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, மறுபடியும் போடச் சொன்னான்.

"நல்லா கீதா இல்லியான்னு தெரில. ஆனா இன்னொரு தபா கேக்கணும் போல கீது."

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு இறக்கை முளைத்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒவ்வொரு மாதிரி முயன்று பார்த்தாள். நண்டு பிடிக்கிற ஆட்டத்துக்கு மட்டும் துள்ளலாக ஒரு தாளம் வைத்தாள். தாளம் விழுகிற நொடியில் வளையிலிருந்து நண்டு எட்டிப் பார்க்கும். அப்போதே பட்டனை அமுக்க வேண்டும்.

வீட்டில் நிலைமை வேறு. அவள் அம்மா தேவகிருபை காசிமேட்டில் இறால் உரிக்கிற வேலை பார்த்தவள். கூடை காலியாவது அவள் கையில்தான் முதலில். அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஒரு நாள் காலை, காப்பி டம்ளரை எடுக்கப் போன வலது கை பாதியிலேயே விழுந்துவிட்டது. பக்கவாதம் என்றார்கள். கால் மெல்லத் திரும்பியது. கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பிசைவதற்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தை அம்மா கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டாள். "கொயந்தயா நானு?" என்றாள்.

கரோலினுக்கு ஒரு யோசனை. சோதித்துப் பார்க்கிற செல்போனை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்து, நண்டு ஆட்டத்தைப் போட்டு அம்மாவின் வலது கையில் வைத்தாள்.

"கட்ட வெரலால அமுக்கும்மா. நண்டு மாட்டிக்கும்."

தேவகிருபைக்கு ஆசை வந்துவிட்டது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். நண்டு எட்டிப் பார்த்தது. கட்டைவிரல் நடுங்கி, இழுத்து, பட்டனைத் தொடுவதற்குள் நண்டு போய்விட்டது. அடுத்ததும் போயிற்று. அதற்கடுத்ததும். துள்ளிக்கொண்டு ஓடிய பாட்டு, தோற்றபோது பட்டென்று நின்று 'டொய்ங்' என்றது. அந்த 'டொய்ங்'கைக் கரோலின்தான் ரசித்து ரசித்துப் போட்டிருந்தாள்.

தேவகிருபை போனைக் கட்டிலில் எறிந்தாள்.

"அது ஓடுது. என்னால ஓட முடியலன்னு சிரிக்க வேற செய்யுது. எடுத்துகினு போடி அத்த."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதைக் கரோலின் பார்த்தாள். தொடவும் முடியாமல், விலகிப் போகவும் முடியாமல் நின்றாள்.

திங்கட்கிழமை அறிவிடம் போய் நின்றாள். "அண்ணே, பாட்டு நமக்காக நிக்கிற மாரி பண்ண முடியுமா? நாம அமுக்குனாதான் அடுத்த சுரம் வரணும். அது வரிக்கும் நண்டும் அப்டியே உக்காந்துகினு இருக்கணும்."

"பண்ணலாம். ஆனா அப்பால எவன் தோப்பான்? தோக்காத ஆட்டத்த எவன் ஆடுவான்?"

இந்தக் கேள்வி அவளைப் பல நாள் பஸ்ஸில் படுத்தியது. லாரி வரிசையில் டிரைவர்கள் ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். அவசரப்பட்டு என்ன, எதுவும் நகரவில்லையே என்று எண்ணியபோதுதான் பொறி தட்டியது. தாமதமானால் தப்பில்லை. அவசரப்பட்டால்தான் தப்பு. நண்டு வருவதற்கு முன்னால் வெறும் வளையை அமுக்கக் கூடாது. நிதானமாக ஆடினால் சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே வந்து பாட்டு கனக்கும். ஒவ்வொரு அவசரத்துக்கும் ஒரு சுரம் கழன்று போகும். கடைசியில் ஒன்றுமே மிஞ்சாவிட்டால் தோல்வி. தோற்றவனைக் கேலி செய்ய எந்தச் சத்தமும் கிடையாது.

அறிவு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு அதை எழுதி முடித்தான். முதலில் ஆடியவனும் அவன்தான். மடமடவென்று அமுக்கி, பாட்டைத் துளித்துளியாக இழந்து தோற்றான்.

"பேஜாரு புடிச்ச ஆட்டம்மா இது" என்று சொல்லிவிட்டு மறுபடி ஆடினான்.

அம்மாவைச் சம்மதிக்கவைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. கடைசியில் ஒரு நாள் சாயங்காலம், துறைமுகத்தில் வேலை முடிந்து வந்த அப்பா இன்னாசி, போனை வாங்கி ஆடித் தோற்றுக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்த தேவகிருபைக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாத்துக்கு அவசரம்? அது வெளிய வர வுடு. இங்க குடு."

கட்டைவிரல் எப்போதும் போல இழுத்துக்கொண்டுதான் போயிற்று. நண்டு காத்திருந்தது. விரல் பட்டதும் தாழ்ந்த ஒரு சுரம் ஒலித்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அவள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாளோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு பாட்டு மெல்ல வளர்ந்தது. அறிவு ஆடும்போது கேட்காத பாட்டு அது. தன் மெட்டுதான் அது என்று கரோலினுக்கே கொஞ்ச நேரம் தெரியவில்லை.

பெங்களூர்க்காரர் அடுத்த மாதம் வந்தார். தன்மையான மனிதர். ஐந்து ஆட்டங்களின் இசையும் வினோதமாக இருக்கிறது, இருந்தாலும் பரவாயில்லை என்றார். ஆறாவதாக நண்டு ஆட்டத்தை ஆடினார். கொஞ்சம் பொறுத்து நிமிர்ந்தார்.

"போன் ஹேங் ஆயிடுச்சுன்னு நினைப்பாங்கம்மா. பாட்டுன்னா ஓடணும். இதுக்கு மட்டும் அறிவு முதல்ல போட்ட பாட்டையே போட்டுடுங்க."

"சார், ஒரே ஒரு தபா மெதுவா ஆடிப் பாருங்க" என்று அறிவுதான் கெஞ்சினான். அவர் வாட்சைப் பார்த்துச் சிரித்தார். ஐந்து மெட்டு பெங்களூருக்குப் போயிற்று, ஒன்று இங்கேயே நின்றுவிட்டது.

அவர் போன பிறகு அவள் பிரவுசிங் சென்டர் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அறிவு டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்தான்.

"அஞ்சு மெட்ட ஊரே கேக்கப் போவுது. அத்த வுட்டுட்டு ஒண்ணுக்கு அழுவுற."

"அந்த ஒண்ணுதாண்ணே நான் போட்டது. மத்தத சும்மா போட்டு பாத்தது."

அவன் எழுந்து போய், சோதனைக்கு வாங்கியதில் மூடி உடைந்த போன் ஒன்றில் அந்த ஆட்டத்தை ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். "இத்த அம்மாவே வச்சிக்கட்டும்."

நண்டு ஆட்டம் நிராகரிக்கப்பட்ட சேதியை அவள் வீட்டில் சொல்லவில்லை. தேவகிருபை தினமும் சோற்றுக்கு அப்புறம் ஆடினாள். மழைக்காலம் தொடங்குவதற்குள் அவளால் டம்ளரைப் பிடிக்க முடிந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தா, மீண்டும் எடுத்துப் பிசைந்த பந்தா, நண்டா, எதனால் என்று யாரால் சொல்ல முடியும்?

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், தேவகிருபை போனை மகளிடம் நீட்டினாள்.

"இன்னாடி, இதே மெட்டத்தான் எத்தினி நாளிக்கிக் கேக்கறது? வேற போடு."

"வேற இன்னா மாரி வேணும்?"

"அது எனுக்கு இன்னா தெரியும்? நீதானே போடுறவ."

கரோலின் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, மெல்ல முனகத் தொடங்கினாள். தேவகிருபை கொஞ்ச தூரம் கேட்டுவிட்டு, "அது வாணா. அதுக்கு முன்னாடி வந்துச்சே, அது" என்றாள்.