வீட்டுக்காரரின் ஒரு போன்

வருடக்கணக்காக அவள் ஓட்டிய ரயில் எஞ்சின் யார்டை விட்டு வெளியே போனதே இல்லை. காலிப் பெட்டிகளை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுவது, திரும்ப இழுத்து வருவது, அவ்வளவுதான். தொலைதூர வண்டிக்கான தேர்வில் அவள்தான் முதலாவதாக வந்தாள். இன்று காலை, தேர்வில் அவளுக்கு அடுத்து வந்த நெட்டையன் வந்து, விட்டுக்கொடுத்ததற்கு நன்றி அக்கா என்றபோதுதான், அந்த வண்டி கைவிட்டுப் போனதே அவளுக்குத் தெரிந்தது.

யார்டு அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே விவரம் சொன்னார். கடைத்தெருவில் அவள் கணவனைப் பார்த்தாராம். பிள்ளை சின்னவள், இரவில் வெளியூரில் தங்க மனைவிக்குத் தோதுப்படாது என்றானாம்.

"நெட்டையன் வீட்லயும் கைக்குழந்தை இருக்கு சார். அவன் பொண்டாட்டிகிட்ட கேட்டீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்தது தப்பென்று உறைத்ததும் இறங்கி வந்தார். உத்தரவு மதியம்தான் மேலே போகிறதாம். "வீட்டுக்காரரை ஒரு போன் பண்ணச் சொல்லும்மா, மாத்திடலாம்."

வீட்டில் கணவன் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தான். அவன் எதையும் மறைக்கவில்லை. ஏற்கெனவே ஓடாய்த் தேய்கிறவளை எதற்குக் குழப்புவது என்று தானே முடிவைச் சொல்லிவிட்டானாம். அவன் முகத்தில் நல்லது செய்தவனின் நிம்மதி. அதைப் பார்த்துத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ராத்திரி பாப்பா எழுந்து அழுதா யாரு பாக்குறது?" என்றான்.

"அப்பான்னு ஒருத்தர் இருக்காரே, அவரு."

சீப்பு பாதி வகிட்டில் நின்றது. வகிட்டை எடுத்து முடித்துவிட்டு, பார்த்துக்கொள்கிறேன் என்றான். மனதாரத்தான் சொன்னான். உடனே போனை எடுத்தான். "இரு, நானே பேசி உனக்கு வாங்கித் தரேன்."

வாங்கித் தருகிறானாம். அவள் ஜெயித்த வண்டியை இவன் வாங்கித் தருகிறானாம். அவன் பேசினால் வண்டி நிச்சயம். பேசாவிட்டால் மறுபடி காலிப் பெட்டிகள்தானோ என்னவோ.

"வைங்க போனை. எனக்காக நீங்க வேணாம்னதும் போதும், சரின்றதும் போதும்."

யார்டுக்குத் திரும்பி வந்தவளிடம் அதிகாரி, வீட்டிலிருந்து போன் வரவில்லையே என்றார்.

"வராது. ஓட்டப் போறது நான், எனக்குச் சம்மதம். எழுதுங்க." நாற்காலியை இழுத்து அவருக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். "எந்தப் பேர் மேலே போகுதுன்னு பாத்துட்டுத்தான் எழுந்திருப்பேன்."

அவர் போனைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கடைசியில் பேனாவை எடுத்தார். பெயரை மாற்றும்போது அவர் முகம் கடுகடுவென்று இருந்தது. இருக்கட்டும் என்று நினைத்தாள். அவள் முகம் மட்டும் என்ன, மலர்ந்தா இருந்தது?