துரைக்கு ஒரு வீடு

விருதுநகரில் எங்கள் மிளகாய் வத்தல் கடைக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேருக்குக் குறை வரும்படி எங்கள் குடும்பத்தில் யாரும் நடந்ததில்லை. எங்கள் வீட்டு நாயும் அப்படித்தான். வெள்ளை நிறம், நிமிர்ந்த நடை, கண்டவர் போட்டதைத் தின்னாத குணம். அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகளை நினைத்து நான்தான் அதற்குத் துரை என்று பேர் வைத்தேன். என் மகள் பொன்னுத்தங்கத்துக்கு அது உயிர்.

1961இல் சிவகாசியிலிருந்து அவளுக்குச் சம்பந்தம் வந்தது. பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த சங்கரபாண்டியனின் ஒரே மகன். ஜாதகத்தில் சங்கரலிங்கம் என்று எழுதியிருந்தது. பெண் பார்க்க நாள் குறித்த பிறகுதான், வீட்டில் அவரைத் துரை என்று கூப்பிடுவார்கள் என்று தரகர் சோலைச்சாமி சொன்னார்.

மாப்பிள்ளை பேரில் நாய் வளர்க்கும் வீடு என்று ஊர் பேசினால் என் முகத்தை எங்கே வைப்பது? போதாததற்கு, புருஷன் பேரைப் பெண் வாயால் சொல்லக் கூடாது. இங்கே விடிந்தால் அடைந்தால் "ஏலே துரை"தான். மணி என்று மாற்றிக் கூப்பிட்டுப் பார்த்தோம். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அது வாசலைப் பார்த்தது.

என் வீட்டுச் சோறு தின்ற நாயைத் தெருவில் விட மாட்டேன். நல்ல வீடாகத் தேடினேன். சாத்தூர் வாத்தியார் ஞானசீலன் ஆசையாகத் தடவிக் கொடுத்தார். பேரைச் சொன்னதும் அவர் மனைவி ஜெபராணி வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அந்த அம்மாளின் அப்பா பேர் செல்லத்துரையாம். தாயில்பட்டிக் கோட்டைச்சாமி ஒத்துக்கொண்டு, சாயங்காலமே ஆள் விட்டு வேண்டாம் என்றார். அவர் அண்ணன் தங்கதுரைக்குக் கோபமாம். நம் பக்கத்தில் தடுக்கி விழுந்தாலும் ஒரு துரை மேல்தான் விழ வேண்டும்.

அதற்குள் பெண் பார்க்கும் நாள் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் நாயை வீட்டுக்குப் பின்னால் இருந்த வத்தல் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் அடைத்தேன்.

அந்தக் காலத்தில் அவ்வளவு வழக்கமில்லை என்றாலும் மாப்பிள்ளையும் வந்திருந்தார். காப்பி கொடுத்தாயிற்று. சங்கரபாண்டியன் பட்டாசு சீசனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கிட்டங்கியிலிருந்து தும்மல் கேட்டது. பிறகு இன்னொன்று. மூட்டை நெடி ஏறியதும் தும்மலும் ஊளையும் மாறி மாறி வந்தன. உள் அறையில் இருந்த பொன்னுத்தங்கத்துக்குப் பொறுக்கவில்லை. பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"சும்மா கெடலே, துரை."

கூடத்தில் மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்தார்.

"சும்மாத்தான இருக்கேன்" என்றார்.

மறைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். வாத்தியார் வீடு, தாயில்பட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

சங்கரபாண்டியன் மீசையைத் தடவினார். "பேரு எப்ப வச்சீக?"

"சம்பந்தம் பேசுறதுக்கு எம்புட்டோ முந்தி."

"அப்ப எங்கள நக்கல் பண்ண வச்சதில்ல" என்றவர், நாயைக் கொண்டுவரச் சொன்னார்.

கதவைத் திறந்ததும் அது கண் சிவந்து, தும்மிக்கொண்டே வந்து, நேராக மாப்பிள்ளையின் வேட்டியில் மூக்கைத் துடைத்தது. அவர் கோபப்படவில்லை. அதன் தலையில் கைவைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"மாமா, இவனுக்கு வேற வீடு தேடாதீக. பொண்ணோட எங்க வீட்டுக்கே வரட்டும்."

சங்கரபாண்டியன் யோசித்தார். "வெடிச் சத்தத்துக்கு மிரளுமா?"

"தீபாவளிக்குத் தெருவே அதிரும். இது படுத்துத் தூங்கும்."

"அப்ப நம்ம வீட்டு ஆளுதான்" என்று தாம்பூலத்தை எடுத்தார்.

கல்யாணம் முடிந்து, ஆடிக்கு அழைக்க சிவகாசி போயிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் பொன்னுத்தங்கம் அடுக்களை வாசலில் நின்று, "துரை, சோறு போட்டாச்சு" என்று கூப்பிட்டாள். நாய் வந்தது. பின்னாலேயே மாப்பிள்ளையும் கை கழுவிக்கொண்டு வந்தார்.

அவள் கூப்பிட்டது நாயைத்தான். புருஷன் பேரைச் சொன்னாள் என்று என் மகளை யாரும் குறை சொல்ல முடியாது.