அந்த அம்மா பாட்டு

கன்னியப்பன் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்தபோதே கலைமதியின் நைனா கீழே நின்று சொல்லிவிட்டார்.

"தோ பாரு கன்னியப்பா, அவன் பாட்டு ஒண்ணுகூட இங்க போடக்கூடாது. போட்ட, ஒயர அறுத்துடுவேன்."

"போடல பச்சமுத்துண்ணா."

"எப்பவும் போடுவியே, அந்த அம்மா பாட்டு. அத மட்டும் போடு."

ஏணியில் நின்ற கன்னியப்பன் திரும்பி, தண்ணீர்க் குடத்தோடு வந்த கலைமதியைப் பார்த்தார். கலைமதி குனிந்துகொண்டாள். கூடப் பிறந்த எழில் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. அதை நினைத்தே பிறகு அழுகை வந்தது.

சிங்கவரத்திலிருந்து அனந்தபுரம் வரை எந்தச் சாவு வீட்டில் கன்னியப்பனின் ரேடியோ செட்டு இறங்கினாலும், பறை ஓய்கிற நேரத்தில் அந்த அம்மாவின் ஒப்பாரிதான். மெட்ராஸ் பக்கம் யாரோ வயசான அம்மா பாடியது, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று ஊரே முடிவுகட்டி வைத்திருந்தது. கன்னியப்பனும் மறுத்ததில்லை. பாடியது எழில் என்று அவருக்கும் கலைமதிக்கும் மட்டும்தான் தெரியும்.

எழில் காலேஜில் படித்த காலம் அது. பழைய கேசட்டு ஒப்பாரி கரகரக்கிறது என்று கன்னியப்பன் புலம்ப, "நான் ஒண்ணு பண்ணித் தர்றேன்ணா" என்று கிளம்பிய வேலை. வீட்டுக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் ஷீட் அறையில் ஜன்னலுக்குப் பழைய மெத்தையைச் சாத்தி, அம்மா களையெடுக்கப் போயிருந்த ஒரு பகலில் பாடிப் பதிந்தது. வரி, மெட்டு, பின்னால் ஓடும் இழுவை, எல்லாம் எழிலுடையவை. யாரும் கதவுப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வது கலைமதியின் வேலை. பாட்டு முடியப்போகும் நேரத்தில் அவள் ஆட்டுக்குட்டி பின்னால் ஓடிவிட்டாள். அதனால் கடைசியில் வேண்டாத சத்தம் ஒன்று சேர்ந்துகொண்டது. வெட்டி எறிய ஒரு நிமிஷம் போதும். எழில் வெட்டவில்லை. கன்னியப்பன்தான், சாவு வீட்டில் இது எதற்கு என்று, அந்த இடம் வருவதற்குள் ஓடிப்போய் நிறுத்திவிடுவார்.

கலைமதி அண்ணன் என்றும் அக்கா என்றும் கூப்பிட்டது ஒரே ஆளைத்தான். காலையில் கதவைத் தட்டி, "இன்னிக்கு யாரு?" என்று கேட்பாள். சில நாள் சட்டை, சில நாள் புடவை, சில நாள் சட்டைக்கு மேலே ஜிமிக்கி. "இன்னிக்கு ரெண்டும்டி. உனக்கு இன்னா தோணுதோ அப்டி கூப்புடு" என்று பதில் வரும்.

பாண்டிச்சேரி மேடையில் எழில் புடவை கட்டிப் பாடிய வீடியோ, செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டை தூக்குகிறவர்களின் போன்களுக்கெல்லாம் வந்து சேர்ந்தது. நைனாவும் அங்கேதான் மூட்டை தூக்கினார். அன்றோடு பேச்சு நின்றது. எழில் குடிபோனது திண்டிவனம் ரோட்டில் ஒரு உரக்கடை மாடிக்கு. அந்த ஒற்றை அறைதான் ஸ்டுடியோ. சொந்தப் பாட்டுகள் அங்கிருந்து வெளியே போயின. அடுத்தவர்கள் பாட்டுக்கு இசை சேர்த்துத் தரச் சொல்லி பெங்களூரிலிருந்துகூட ஆட்கள் படியேறினார்கள். நைனா அந்தக் கடைக்கு எதிரே டீ குடிப்பதை விடவும் இல்லை, மாடியை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

அத்தை இறந்தபோது எழில் தெருமுனையோடு நிற்க வேண்டியதாயிற்று. உள்ளே, காலையிலிருந்து கல்லாக உட்கார்ந்திருந்த நைனா இந்தப் பாட்டுக்குத்தான் உடைந்தார். "யாரு பெத்த புள்ளயோ, எங்க அக்காவுக்கு அழுவுது" என்றார். கலைமதி ஓடிப்போய் அதைத் தெருமுனையில் சொன்னாள். எழில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்ட பிறகும் பைக் கிளம்ப வெகுநேரம் ஆயிற்று.

மஞ்சள் காமாலை என்று எழிலை விழுப்புரத்தில் சேர்த்தபோது முற்றிப்போயிருந்தது. "என் குரலோட என்ன அனுப்புடி. வேற ஒண்ணியும் வேணாம்" என்று எழில் கேட்க, கலைமதி கையடித்துக் கொடுத்திருந்தாள். இப்போது குரல் கூடவே போகும்தான். யார் குரல் என்று ஒருவருக்கும் தெரியாமல் போகும். அதையா எழில் கேட்டது? நைனாவிடம் சொல்லிவிட்டால் அவர் ஒயரை அறுப்பார், இருக்கிறதும் போய்விடும். சொல்லாவிட்டால் நெஞ்சு வேகாது. குடத்தை இறக்கி வைத்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

தாய்மாமன் தேவேந்திரன் கோடித்துணியோடு வந்தார். கையில் இரண்டு பைகள்.

"கடைக்காரன் ஆம்பளைக்கா பொம்பளைக்கான்னு கேட்டான். நான் இன்னாத்த சொல்றது? ரெண்டும் குடுய்யான்னு வாங்கியாந்துட்டேன்."

நைனா பைக்குள் எட்டிப் பார்த்தார். ஒன்றில் வேட்டி, ஒன்றில் கிளிப்பச்சைப் புடவை.

"வேட்டிய போத்து மச்சான். அது பையிலயே இருக்கட்டும்."

மாமா புடவைப் பையைச் சாமியானா கம்பில் மாட்டினார்.

பறை நின்றது. ஸ்பீக்கரில் அந்தக் குரல் எழுந்தது.

ஒல கொதிச்சு அடங்கலியே, என் சாமி
ஒரு வாயி திங்கலியே...

பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள். அம்மா சின்னப்பொண்ணு ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் முகத்தை வைத்து, "அந்த அம்மாவே எம்புள்ளைக்கு அழுவுறாளே" என்று அரற்றினாள். கலைமதிக்குத் தாங்கவில்லை. நைனாவிடம் போனாள்.

"நைனா, அந்த அம்மா..."

"இன்னா?"

அவர் கண்கள் சிவந்திருந்தன. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஒண்ணுமில்ல நைனா."

உடம்பை வெளியே எடுத்துக் குளிப்பாட்டிக் கட்டிலில் கிடத்தினார்கள். மாமா வேட்டியைப் போர்த்தினார். ஒரு சொம்பில் அரிசி வந்தது. வாய்க்கரிசி போட அம்மா முதலில் போனாள், அப்புறம் கலைமதி, பிறகு சொந்தக்காரர்கள். பாட்டு மறுபடியும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் கன்னியப்பன், செட்டுப் பெட்டியை விட்டுவிட்டு, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசைக்கு வந்தார். எத்தனையோ சாவுக்கு செட்டு கட்டியவர், யாருக்கும் வாய்க்கரிசி போட்டதில்லை. போட்டுவிட்டு நகர முடியாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

நைனா ஒரு பிடி அரிசியை அள்ளிக்கொண்டு வந்தார்.

பாட்டு முடிந்தது. நிறுத்த யாரும் இல்லை. ஸ்பீக்கரில் தாழ்ப்பாள் அசையும் சத்தம் கேட்டது. பிறகு தெரு முழுக்க ஓர் ஆணின் குரல்.

"எழிலு, சாப்டியாடா?"

உடனே அந்த அம்மாவின் குரல், அதே குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு,

"தோ வர்றேன் நைனா."

அவ்வளவுதான். அழுதுகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கன்னியப்பன் பதறிப்போய்ச் செட்டுப் பெட்டிப் பக்கம் ஓடினார்.

"நிறுத்தாத. இருக்கட்டும்" என்றார் நைனா.

பாட்டு முதலிலிருந்து மறுபடியும் தொடங்கியது. அவர் மெதுவாகக் கலைமதி பக்கம் திரும்பினார்.

"எங்கக்கா சாவுக்கும் இதானா?"

"ம்."

நைனாவின் கையில் அரிசி அப்படியே இருந்தது.

"மச்சான், அந்தப் பைய எடு."

தேவேந்திரன் மாமா புடவையை உதறிப் பிரித்து, வேட்டிக்கு மேலே போர்த்தினார். நைனா கட்டில் தலைமாட்டில் தரையிலேயே உட்கார்ந்தார். மூடிய கையைத் திறந்து, பிடியை ஒரேயடியாகப் போடாமல், இரண்டு விரலால் எடுத்து எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் வைத்தார். உதட்டோரம் ஒட்டி நின்ற ஓர் அரிசியையும் விடாமல் எடுத்து உள்ளே வைத்தார்.