ஒரு அட்டைக்கு ஒரு யோசனை

தொழிற்சாலையில் அவளைப் பதினேழு என்றுதான் கூப்பிடுவார்கள். அது அவளுடைய சோதனை மேசையின் எண். மடக்குக் கத்திகள் எல்லா வேலையும் முடிந்து கடைசியாக அவளிடம் வந்து சேரும். ஒவ்வொன்றையும் பத்து முறை திறந்து, பத்து முறை மடக்குவாள். சிக்காமல் போய்வந்தால், பிடியின் உள்பக்கத்தில் சின்ன அச்சு ஒன்றை வைத்து 17 என்று தட்டுவாள். அதன் பிறகு அந்தக் கத்தி உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் அந்த எண் அதோடு போகும். கப்பலிலும் மலையிலும் யார் யாருடைய சட்டைப் பையிலோ தன் எண் கிடப்பதை நினைத்துப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்கும். ஒன்பது வருடமாக அந்த நினைப்பு அவளைப் பேருந்திலிருந்து இறக்கி வேலை வாசலில் கொண்டுபோய் விட்டது.

தம்பிக்கு அவள் கொடுத்த கத்தியிலும் 17 இருந்தது. ஊழியர்களுக்கு ஆளுக்கொன்று தந்தபோது, தட்டில் தேடித் துழாவித் தன் எண் போட்டதாகவே எடுத்து வந்தாள். அவன் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவன். ஒரு பழைய கடிகாரத்தின் பின்மூடியை நெம்பியபோது, விரித்திருந்த பிளேடைப் பின்னால் தாங்கிப் பிடிக்க வேண்டிய லாக் தகடு வழுக்கியது. பிளேடு சட்டென்று மடங்கி அவன் ஆள்காட்டி விரலில் இறங்கியது. நரம்பைத் தைத்தார்கள். விரல் இருக்கிறது, மடங்கத்தான் மாட்டேன் என்கிறது. பிடியின் அடியில் விரலைச் சற்றுத் தள்ளியே வைக்கும் ஒரு சின்ன மேடு உண்டு. "அந்த மேடு மட்டும் இல்லைன்னா விரலே கையோட இருந்திருக்காது" என்றார் டாக்டர்.

அவள் அந்தக் கத்தியைத் திரும்ப எடுத்துப் போய் அளவு கருவியில் வைத்துப் பார்த்தாள். குறையே இல்லை. எல்லா அளவும் வரைபடத்தில் இருந்தபடியே இருந்தது. அவளை உட்கார விடாமல் செய்தது அதுதான். கத்தியை இலேசாக்குவதற்காகப் போன வருடம் லாக் தகட்டை ஒன்றரை மில்லிமீட்டரிலிருந்து ஒன்றாக இழைத்திருந்தார்கள். நாற்பத்தெட்டு கிராம் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட வேண்டுமே.

அந்தத் தகட்டைப் பழையபடி தடிமனாக்க வேண்டும். தன் எண் போட்ட கத்தி இன்னொருவர் விரலை வாங்கக் கூடாது. அவள் கேட்டது அவ்வளவுதான்.

கேட்பதற்கு ஒரு வழியும் இருந்தது. கேன்டீன் வாசலில் யோசனைப் பெட்டி தொங்கும். பக்கத்தில் பச்சை அட்டைகள். அட்டையின் மேலே ஒரு கேள்வி அச்சடித்திருக்கும்: எடை கூடுமா, குறையுமா? கீழே ஒரு விதி: ஒரு அட்டைக்கு ஒரு யோசனை.

முதல் அட்டை ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. முத்திரை குத்தியிருந்தது: 'எடை கூடும். நன்றி.' இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் தம்பியின் விரலைப் பற்றி எழுதினாள். அதே முத்திரை, கொஞ்சம் கோணலாக.

"என்னக்கா, பெட்டி என்ன சொல்லுச்சு?" தினமும் அவள் செருப்பைக் கழற்றும் முன்பே தம்பி கேட்பான். கடையைப் பூட்டிவிட்டு வீட்டு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத் திருகாணிகளை இடது கையால் சாமணம் பிடித்து ஒரு மூடியிலிருந்து இன்னொரு மூடிக்கு மாற்றிப் பழகிக்கொண்டிருந்தான். பாதி தரையில்தான் விழும்.

"நன்றி சொல்லுச்சு."

"பரவாயில்லையே, மரியாதை தெரிஞ்ச பெட்டி. நீ கத்தியைக் குடுத்தப்போ நான்கூட நன்றி சொல்லல."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குனிந்து திருகாணிகளைப் பொறுக்கினாள்.

எடைதான் வழியை அடைக்கிறது என்றால், தகட்டுக்கு வேண்டிய அரை கிராமை வேறெங்காவது எடுத்தால் என்ன? மூன்று வாரம் அந்த அரை கிராமைத் தேடினாள். குளிக்கும்போதும் சமைக்கும்போதும் மனசுக்குள் கத்தியைக் கழற்றி மாட்டினாள். கிளிப்பைக் குட்டையாக்கினால் சட்டைப் பையில் நிற்காது. பிடியில் துளை போட்டால் வளைந்துவிடும். கடைசியில் மேடு அகப்பட்டது. லாக் உறுதியாக இருந்தால் பிளேடு மடங்கப் போவதில்லை. மடங்காத பிளேடுக்கு மேடு எதற்கு? சுரண்டி எடுத்து எடை போட்டாள். சொல்லி வைத்தாற்போல் அரை கிராம்.

இரண்டு அட்டை எழுதினாள். ஒன்றில் 'மேட்டை எடுக்கலாம், எடை குறையும்.' மற்றதில் 'அந்த எடையில் தகட்டைத் தடிமனாக்கலாம்.' எடை என்ற இடத்தில், 'கூடும், ஆனால் இணைத்துள்ள அட்டையைப் பார்க்கவும்' என்று அடிக்கோடிட்டு, இரண்டையும் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்தாள்.

"கல்யாணம் பண்ணி அனுப்புற மாதிரி அனுப்புறியே!" என்றாள் பக்கத்து மேசைப் பதினாறு.

"ஒண்ணு இல்லாம ஒண்ணு வாழாதுடி."

அந்த மாதக் கடைசியில் எல்லோரையும் நிற்க வைத்து அவளைப் பாராட்டினார்கள். பாராட்டியவர் வரைபடப் பிரிவுத் தலைவர். எதைக் கண்டாலும் எடை போடுவார் என்பதால் தொழிலாளர்கள் வைத்த பெயர் கிராம் சார். "நாற்பத்தேழரை!" என்றார், ஏதோ மலையேறி வந்தவர் போல. "நம்ம பதினேழோட கண்ணு!" கை தட்டினார்கள். அவள் கையில் ஒரு பரிசுப் பெட்டி வந்தது.

பிரித்தாள். மேடு இல்லாத கத்தி. திறந்து உள்ளே பார்த்தாள். தகடு அதே ஒரு மில்லிமீட்டர்.

"சார், தகடு?"

"எந்தத் தகடு?"

"ரெண்டு அட்டை போட்டேனே சார். ரெண்டும் ஜோடி."

"எனக்கு ஒண்ணுதாம்மா வந்துச்சு. அருமையான யோசனை."

"பின் அடிச்சிருந்தேன் சார்."

"பின்னெல்லாம் ஆபீஸ்ல கழட்டிடுவாங்க. கூடும்னு போட்டது ஒரு தட்டுக்கு, குறையும்னு போட்டது ஒரு தட்டுக்கு. கூடும் தட்டு என் மேசைக்கே வராது."

"அப்போ மேட்டையாவது திரும்ப வெச்சிடுங்க சார். மேடும் இல்லாம, லாக்கும் இப்படி இருந்தா..."

அவர் நல்லவர்தான். உண்மையிலேயே யோசித்தார். "வைக்கலாமே. நீங்க ஒரு அட்டை போடுங்க." பிறகு நினைவு வந்து, முகம் வாட, "ஆனா அது எடை கூடுமேம்மா" என்றார்.

மறுநாள் தகட்டைப் பற்றிய அந்த ஜோடி அட்டை திரும்பி வந்தது. எடை கூடும், நன்றி. மூலையில் ஊசி குத்தியது போல இரண்டு சின்ன ஓட்டைகள்.

புதிய கத்திகள் அவள் மேசைக்கும் வரத் தொடங்கின. பத்து முறை திறந்தாள், பத்து முறை மடக்கினாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. பதினோராவதாக, விதியில் இல்லாத ஒன்றைச் செய்தாள். விரித்த பிளேடின் முதுகைக் கட்டைவிரலால் அழுத்தினாள். ஏழெட்டுக்கு ஒன்று வழுக்கியது. வழுக்கியதை எல்லாம் சிவப்புத் தட்டில் போட்டாள். மத்தியானத்துக்குள் தட்டு நிரம்பியது.

மேற்பார்வையாளர் வந்தார். சிவப்புத் தட்டைத் தூக்கிப் பதினாறின் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பதினாறு பத்து முறை திறந்தாள், பத்து முறை மடக்கினாள், தட்டினாள்.

"அழுத்திப் பாருடி" என்றாள் பதினேழு.

"அழுத்தச் சொல்லி எங்கேயும் எழுதல." பதினாறு தலை நிமிரவில்லை. "என்னைப் பாக்காதே. நான் போடலைன்னா பதினஞ்சு போடுவா. எனக்கும் வீடு வாசல் இருக்கு."

மூன்று நாள் இப்படியே ஓடியது. நான்காம் நாள் சிவப்புத் தட்டையே அவள் மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கை அச்சைத் தேடி எடுத்தது. 17. 17. 17. கப்பலும் மலையும் இப்போது கண்ணுக்கு வரவில்லை. சட்டைப் பைகள் மட்டும் வந்தன. அவற்றுக்குள் நுழையும் விரல்கள் வந்தன.

அன்று பரிசுப் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போனாள். அதுவரை தொழிற்சாலை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள்.

தம்பி கத்தியை இடது உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தான். "காத்து மாதிரி இருக்குக்கா. உன் யோசனையா?"

"பாதி."

அவன் அதை வலது கைக்கு மாற்றினான். மடங்காத விரல் பழக்கத்தில் பிடியின் அடியில் மேட்டைத் தேடியது. முன்னும் பின்னும் தடவியது. பிறகு அசையாமல் நின்றுவிட்டது.

"ஓ" என்றான்.

உள்பக்கத்தை விளக்கில் காட்டிப் பார்த்தான். "பதினாறுன்னு போட்டிருக்கு."

"ம்."

"அப்பாடா. இந்த வாட்டி நீ இல்ல."

அவள் சிரிக்கவில்லை. அவனும் அதை எதிர்பார்க்கவில்லை. கத்தியை மெதுவாக மடக்கித் திருகாணி மூடிகளுக்கு எட்டத் தள்ளி வைத்தான்.

அவள் பையிலிருந்து ஒரு பச்சை அட்டையை எடுத்தாள். மேட்டைத் திரும்ப வைக்க வேண்டும் என்று எழுதினாள். எடை கூடுமா, குறையுமா என்ற இடத்தில் பேனா நின்றது. அரை கிராம் வேண்டும். மனசுக்குள் கத்தியை மறுபடி கழற்றினாள். பிளேடு, பிடி, ஒரு தகடு, ஓர் ஆணி, கிளிப். எடுப்பதற்கு அதில் இனி எதுவும் இல்லை.

"என்னக்கா, எழுதிட்டியா?"

"எழுதறேன்."

'கூடும்' என்று எழுதினாள். எந்தத் தட்டுக்குப் போகும் என்று தெரிந்தே, கையெழுத்து கோணாமல், நிதானமாக எழுதினாள். மேசையின் மறுபக்கத்தில் தம்பி ஒரு திருகாணியைத் தூக்கினான். அது பாதி வழியில் நழுவித் தரையில் விழுந்து, எங்கேயோ உருண்டு போனது.